கீழே இழுபட்ட இமைக்கு எதை வைத்துத் தைப்பது?

கேள்வி: எனக்கு 46 வயது. தஞ்சாவூர் பக்கம் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சராக இருக்கிறேன். நான்கு வருடங்களுக்கு முன் தைராய்டு அதிகமாகி, கூடவே கண்ணும் பிதுங்கியது. மருந்தில் தைராய்டு அடங்கிவிட்டது. ஒன்றரை வருடமாக ரத்தப் பரிசோதனை சரியாக வருகிறது, கண்ணும் கூடாமல் குறையாமல் அப்படியே இருக்கிறது. ஆனால் கீழ் இமைகள் இறங்கி, கருவிழிக்குக் கீழே வெள்ளை தெரிகிறது. இடது பக்கம் 3 மி.மீ., வலது பக்கம் 2 மி.மீ. என்று எழுதிக் கொடுத்தார்கள். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார முடியவில்லை. காலையில் எழுந்தால் கண்ணில் மணல் அள்ளிப் போட்டதுபோல் உறுத்துகிறது. ஆபரேஷன் செய்யலாம் என்கிறார்கள். ஒரு டாக்டர் என் வாயின் மேல் அண்ணத்திலிருந்து சதை எடுத்து இமைக்குள் வைப்பேன் என்கிறார். இன்னொருவர் கண் வங்கியிலிருந்து வாங்கி வைத்தால் போதும், வாயைத் தொட வேண்டாம் என்கிறார். இறந்தவர் கண்ணை வைத்துக்கொள்ளக் கூடாது என்கிறார் என் மாமியார். பன்றித் தோல், மாட்டுத் தோலில் செய்த பொருள்கூட இருக்கிறது என்று நெட்டில் பார்த்துச் சொல்கிறான் மகன். நாங்கள் சைவம். எதை நம்புவது டாக்டர்?

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

உங்களுக்கு யோசனை சொன்ன இரண்டு டாக்டர்களுமே தவறாக எதையும் சொல்லவில்லை. இரண்டு முறையுமே உலகம் முழுக்கச் செய்யப்படுபவை. நானும் இரண்டையும் செய்திருக்கிறேன். உங்களுக்கு எது என்பதில் எனக்கு ஓர் அபிப்பிராயம் உண்டு, அதையும் சொல்லத்தான் போகிறேன். ஆனால் இமையை இழுப்பது எது என்று புரிந்தால்தான், எதைக் கொண்டு அதை நிறுத்துவது என்ற கேள்விக்கே அர்த்தம் வரும். அதனால் அங்கிருந்து தொடங்குகிறேன்.

கீழிமை சாதாரணமாகக் கருவிழியின் கீழ் விளிம்பைத் தொட்டுக்கொண்டோ, ஒரு மயிரிழை மேலேறியோ நிற்கும். வயதானவர்களுக்கு இமை தளர்ந்து தொங்கும். உங்கள் பிரச்சினை அது இல்லை. உங்கள் இமை இழுபட்டிருக்கிறது. கண்ணைக் கீழே திருப்புகிற தசை ஒன்று கண் உருண்டைக்கு அடியில் ஓடுகிறது. அந்தத் தசையிலிருந்து ஒரு மெல்லிய நாண் போன்ற படலம் கிளம்பி வந்து கீழிமையைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. நாம் குனிந்து படிக்கும்போது கண்ணோடு சேர்ந்து இமையும் கீழே போவது இந்தப் பிடிப்பால்தான். தைராய்டு கண் நோயில் மற்ற தசைகளைவிட இந்த அடித்தசைதான் அதிகம் வீங்கும், பிறகு விறைத்துப் போகும். அது விறைத்தால் இமையின் நாணும் சேர்ந்து இழுபடுகிறது. போதாததற்குக் கண் உருண்டையும் முன்னால் வந்திருப்பதால், இமை ஏறி நிற்க வேண்டிய மேடு பெரிதாகிவிட்டது.

ஆகவே ஆபரேஷனில் நாங்கள் செய்வது இதுதான். இமையை வெளியே திருப்பி, உள்பக்கமாகவே கீறி, இமைக்குள் இருந்து அதற்கு விறைப்பைத் தருகிற இமைத்தகட்டிலிருந்து அந்த நாணை விடுவிக்கிறோம். வெளியே தழும்பு தெரியாது. விடுவித்தவுடன் இமை மேலே வந்துவிடும், ஆபரேஷன் மேஜையிலேயே கண்ணால் பார்க்கலாம். ஆனால் அந்த இடைவெளியை அப்படியே விட்டால் உடம்பு தழும்பால் அதை நிரப்பும். தழும்பு சுருங்கும், இமை மறுபடி இறங்கும். அதைத் தடுக்கத்தான் நடுவில் ஒரு துண்டை வைத்துத் தைக்கிறோம். வாழைக்கு முட்டுக்கொடுப்பது உங்கள் ஊரில் தினமும் பார்க்கிற காட்சி. அதே வேலைதான் இது.

மேல் இமையில் இந்தச் சிகிச்சை சுலபம். நாணைத் தளர்த்தினால் புவியீர்ப்பே இமையைக் கீழே கொண்டுவந்துவிடும், முட்டு எதுவும் வேண்டாம். கீழிமை அப்படியில்லை. புவியீர்ப்பை எதிர்த்து நாள் முழுக்க நிற்க வேண்டும். மேல் இமையின் தகடு 10 மி.மீ. உயரம் என்றால் கீழிமையின் தகடு ஏறக்குறைய 4 மி.மீ.தான். அதனால் நாம் வைக்கும் துண்டுக்கு மூன்று குணம் வேண்டும்: வளையாமல் நிற்கிற விறைப்பு, நாளாக நாளாகச் சுருங்காத தன்மை, கருவிழி மேல் உரசினாலும் புண்ணாக்காத வழவழப்பு. மூன்றும் நூற்றுக்கு நூறு உள்ள பொருள் இதுவரை இல்லை. ஒவ்வொன்றிலும் ஏதோ ஒன்றை விட்டுக்கொடுக்கத்தான் வேண்டியிருக்கிறது.

முதலில் அண்ணம். மேல் பல் வரிசைக்கும் வாய்க்கூரையின் நடுக்கோட்டுக்கும் இடையே, நாக்கை வைத்துத் தடவினால் கெட்டியாகத் தெரிகிற பகுதிதான் அது. 1985-இல் சீகல் என்ற அமெரிக்க மருத்துவர் இமையைச் சீரமைக்க இந்தச் சவ்வைப் பயன்படுத்தலாம் என்று எழுதினார். அதன் பிறகு இழுபட்ட கீழிமைக்கு இது பெரிய அளவில் வழக்கத்துக்கு வந்தது. ஏன் என்றால், கையில் எடுத்துப் பார்த்தாலே தெரியும். ஒரு பக்கம் சளிப்படலம், மறுபக்கம் கெட்டியான நார். விரலில் வைத்தால் துவளாமல் நிற்கும். உடம்பே செய்துவைத்த இமைத்தகடு போலவே இருக்கும். உங்கள் சொந்தச் சதை என்பதால் உடம்பு அதை எதிர்ப்பதில்லை, கொஞ்ச நாளில் ரத்த ஓட்டமும் பிடித்துக்கொள்ளும். சுருங்குவதும் மற்றப் பல பொருள்களைவிடக் குறைவு.

இதில் கொடுக்க வேண்டிய விலை வாயில்தான். எடுத்த இடத்தைத் தைத்து மூட முடியாது. பச்சைப் புண்ணாக விட்டு, தானாக மூட இரண்டு மூன்று வாரம் ஆகும். முதல் பத்து நாள் வலி நிஜமான வலி. சூடான ரசம், முறுக்கு, மிளகாய்ப் பொடி எதையும் நினைத்துப் பார்க்க முடியாது. ஆறின கஞ்சி, மோர்சாதம், ஐஸ்கிரீம்தான். நான் இந்தச் சிகிச்சையைச் செய்ய ஆரம்பித்த வருடங்களில் ஒரு நோயாளி, ஐந்தாம் நாள் இரவு பதினொரு மணிக்கு வாயிலிருந்து ரத்தம் நிற்காமல் வருகிறது என்று போன் செய்தார். துணியை மடித்து நாக்கால் அழுத்திப் பிடித்துக்கொண்டே வரச்சொல்லி, நள்ளிரவில் ரத்தம் வந்த இடத்தில் மட்டும் தையல் போட்டோம். ஆபத்து எதுவும் நேரவில்லை. ஆனால் அவர் மனைவி நடுங்கிக்கொண்டு நின்றதை மறக்க முடியவில்லை. அதிலிருந்து அண்ணம் எடுக்கப்போகிற ஒவ்வொருவரையும் முன்கூட்டியே பல் டாக்டரிடம் அனுப்பி, அண்ணத்தை மூடுகிற மெல்லிய அக்ரிலிக் தகடு ஒன்றைச் செய்து வைத்துக்கொள்கிறேன். ஆபரேஷன் முடிந்ததும் அதைப் போட்டுவிட்டால் ரத்தக்கசிவும் குறைகிறது, சாப்பிடும்போது புண்ணில் படுவதும் இல்லை. உங்கள் டாக்டரிடம் இந்தத் தகடு உண்டா என்று கட்டாயம் கேளுங்கள்.

இன்னொரு குறையும் உண்டு. அண்ணத்தின் மேற்பரப்பு சாப்பாட்டைத் தாங்குவதற்காக அமைந்தது. கண்ணுக்குள்ளே இருக்கிற படலம் அளவுக்கு மிருதுவாக இருக்காது. முதல் சில வாரம் கண்ணில் லேசாக உறுத்தலாம், அழுக்கு கொஞ்சம் கூடுதலாக வரலாம். கீழிமை அதிகம் அசைவதில்லை என்பதால் பெரும்பாலோருக்கு இது அடங்கிவிடும். மேல் இமை ஒவ்வொரு இமைப்பிலும் கருவிழியைத் துடைத்துக்கொண்டே இறங்குகிறது. அங்கே அண்ணத்தை வைக்கத் தயங்குவது இதனால்தான்.

அடுத்தது கண் வங்கியிலிருந்து வருவது. உங்கள் மாமியாரிடம் இதைப் பொறுமையாகச் சொல்லுங்கள். இறந்தவரின் பார்வையோ கருவிழியோ உங்களுக்கு வரப்போவதில்லை. தானமாக வந்த கண்ணில் கருவிழி, பார்வையிழந்த ஒருவருக்குப் போய்விடும். மிச்சமிருக்கிற வெள்ளை ஓடுதான் ஸ்க்லீரா. அதைச் சுத்தம் செய்து ஆல்கஹாலிலோ கிளிசரினிலோ போட்டு வைத்திருப்பார்கள். தானம் தந்தவரின் ரத்தத்தில் எச்.ஐ.வி., மஞ்சள் காமாலை பி, சி, சிபிலிஸ் எல்லாம் சோதித்த பிறகுதான் கொடுப்பார்கள். ஒரு குடும்பம் துக்கத்தின் நடுவிலும் யோசித்துக் கொடுத்த ஒன்று அது. அதை வாங்கிக்கொள்வதில் எந்தத் தோஷமும் இருப்பதாக நான் நினைக்கவில்லை. ஆனாலும் அது உங்கள் உடம்பு, உங்கள் வீடு. மனசு ஒப்பவில்லை என்றால் டாக்டரிடம் நேராகச் சொல்லிவிடலாம். அதைக் கேட்டுக் கோபிக்கிற டாக்டரிடம் போக வேண்டாம்.

ஸ்க்லீராவில் எனக்கு உள்ள தயக்கம் வேறு. வாயில் புண் இல்லை, ஆபரேஷன் நேரமும் குறைவு, செலவும் குறைவு. எல்லாம் சரி. ஆனால் அது துவளும், சுருங்கும். எவ்வளவு சுருங்கும் என்பதை முன்கூட்டிச் சொல்ல முடியாது. உடம்பு அதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்துத் தன் தழும்பால் மாற்றுகிறது. உள்பக்கம் சளிப்படலமும் கிடையாது. பக்கத்திலிருந்து படலம் வளர்ந்து மூடும்வரை காத்திருக்க வேண்டும். ஆரம்ப காலத்தில் உங்களைப் போன்ற ஒரு தைராய்டு நோயாளிக்கு இரண்டு கண்ணிலும் ஸ்க்லீரா வைத்தேன். ஆறாவது வாரம் எடுத்த போட்டோவைப் பார்த்து நானே மகிழ்ந்துபோனேன். ஒரு வருடம் கழித்து அவர் வந்து நின்றபோது இமை பழைய இடத்துக்குப் பக்கத்தில் வந்திருந்தது. அவர் என்னைக் குறை சொல்லவில்லை, கொஞ்சம் பரவாயில்லை டாக்டர் என்றார். அந்த வார்த்தைதான் எனக்கு அதிகம் வலித்தது. இன்று யாருக்கும் ஆறு வாரப் படத்தைக் காட்டி நம்பிக்கை கொடுப்பதில்லை. நீங்களும் டாக்டரிடம் படம் கேட்டால், ஒரு வருடத்துக்குப் பிறகு எடுத்த படம் கேளுங்கள்.

அளவுக் கணக்கிலும் இது தெரியும். நீங்கள் கணக்கு டீச்சர், சட்டென்று புரியும். அண்ணம் என்றால் இமை 1 மி.மீ. ஏற வேண்டியதற்கு ஏறக்குறைய 2 மி.மீ. உயரத் துண்டு வைக்கிறோம். ஸ்க்லீரா என்றால் 3 மி.மீ. வரைகூட வைக்கிறவர்கள் உண்டு, சுருங்கப்போவதை முன்கூட்டியே கணக்கில் சேர்த்துக்கொண்டு. உங்கள் இடது கண்ணுக்கு 3 மி.மீ. ஏற வேண்டும் என்றால் அண்ணத்தில் 6 மி.மீ. உயரத் துண்டு. ஸ்க்லீராவில் 9 மி.மீ. வைக்கப் போனால் இமைக்குள் அவ்வளவு பெரிய துவளும் துண்டு மடிந்து உட்காரும். வலது கண்ணின் 2 மி.மீ.க்கு ஸ்க்லீரா ஓரளவு தாக்குப்பிடிக்கலாம். இடதுக்கு நான் வைக்க மாட்டேன்.

உங்கள் மகன் பார்த்தது மூன்றாவது வகை. தோலிலிருந்து உயிரணுக்களை எல்லாம் நீக்கிவிட்டு, நார்ச்சட்டத்தை மட்டும் தாள்போல் ஆக்கி பாக்கெட்டில் தருகிறார்கள். எல்லாமே விலங்குத் தோல் இல்லை. அல்லோடெர்ம் என்பது தானம் செய்யப்பட்ட மனிதத் தோலிலிருந்து அமெரிக்காவில் செய்யப்படுவது. என்டுராஜென் பன்றித் தோலிலிருந்து வருவது. மாட்டிலிருந்து செய்யப்படுபவையும் உண்டு. உயிரணு இல்லாததால் உறுப்பு மாற்று போல உடம்பின் எதிர்ப்பை அடக்கும் மருந்து எதுவும் சாப்பிட வேண்டாம். உடம்பில் வேறு புண்ணும் இல்லை, வேண்டிய அளவு வெட்டிக்கொள்ளலாம். மெல்லிய தாள் அதிகம் சுருங்கும், தடித்தது பரவாயில்லை. ஆனால் விலை கூடுதல், எல்லா ஊரிலும் உடனே கிடைப்பதும் இல்லை. சைவம் என்று நீங்கள் எழுதியதைச் சின்ன விஷயமாக நான் எடுத்துக்கொள்ளவில்லை. இஸ்லாமியக் குடும்பங்களிலிருந்து வருகிறவர்களும் இதே கேள்வியைக் கேட்கிறார்கள், கேட்கவும் வேண்டும். பாக்கெட்டில் இருப்பது மனிதனுடையதா, பன்றியுடையதா, மாட்டுடையதா என்று கையெழுத்துப் போடும் முன் சொல்ல வேண்டியது டாக்டரின் கடமை. சும்மா ‘செயற்கைத் தாள்’ என்று சொன்னால் விடாதீர்கள், எதிலிருந்து செய்தது என்று கேளுங்கள்.

காதுமடலின் குருத்தெலும்பையும் சிலர் வைப்பார்கள். காதின் பின்புறம் கீறி எடுப்பதால் தழும்பு தெரியாது, வாய் தப்பித்தது, சுருங்கவும் சுருங்காது. ஆனால் கொஞ்சம் அதிக விறைப்பு. சில நேரம் சுருண்டு இமையில் மேடு தெரியும், உள்பக்கப் படலமும் கிடையாது. பல்செட் போட்டவர்கள், வெற்றிலை புகையிலையால் வாய் கெட்டவர்கள், அண்ணத்தை எடுக்க முடியாதவர்களுக்கு எனக்கு இதுதான் இரண்டாவது வழி. மேல் இமையின் தகட்டிலிருந்தே ஒரு கீற்று எடுத்துக் கீழே வைப்பது பொருத்தத்தில் எல்லாவற்றையும் மிஞ்சும். ஆனால் தைராய்டு நோயில் மேல் இமையும் பெரும்பாலும் பாதிக்கப்பட்டிருக்கும், அதைத் தொட நான் விரும்ப மாட்டேன். மெட்போர் போன்ற பிளாஸ்டிக் தகடுகள் கீழிமையில் துளைத்துக்கொண்டு வெளியே தெரிந்து, திரும்ப எடுக்க வேண்டி வந்தவை அநேகம். வேண்டாம்.

இவ்வளவு பேசிய பிறகு, பொருளைவிட முக்கியமான ஒன்றுக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தில் கண் எவ்வளவு பிதுங்கியிருக்கிறது என்ற அளவு இல்லை. ஹெர்டல் என்ற கருவியை இரண்டு கண்ணின் ஓரத்திலும் வைத்துப் பார்ப்பார்கள், இத்தனை மி.மீ. என்று ஃபைலில் எழுதியிருக்கும். பிதுக்கம் அதிகம் என்றால் முதலில் கண்குழியின் எலும்பைக் கொஞ்சம் எடுத்து, கண்ணை உள்ளே அமரவைக்கிற ஆபரேஷன். அதன்பின் இரட்டைப் பார்வை இருந்தால் தசை ஆபரேஷன். இமை கடைசி. இந்த வரிசையை மாற்றக் கூடாது. முதல் இரண்டுமே இமை நிற்கும் இடத்தை மாற்றிவிடும். அடித்தசையைத் தளர்த்தினால் கீழிமை இன்னும் இறங்கவும் செய்யும், காரணம் அதே நாண்தான்.

சிலர் ஒட்டு எதற்கு, இமையின் வெளி ஓரத்தை இழுத்துக் கட்டினால் போதும் என்பார்கள். தளர்ந்த இமைக்கு அது அருமையான சிகிச்சை. 1979-இலிருந்து செய்யப்படும் முறை, நானும் தினமும் செய்கிறேன். பிதுங்கிய கண்ணில் அதை மட்டும் செய்தால் எதிர்விளைவுதான். தொப்பை உள்ளவர் வேட்டியை இறுக்க இறுக்க அது தொப்பைக்குக் கீழே நழுவும் இல்லையா, இமையும் அப்படியே உருண்டைக்கு அடியில் நழுவும். உள்ளே முட்டு வைத்துவிட்டு, ஓரத்தை அளவாகப் பிடித்துக்கொடுப்பதுதான் முறை.

ஹெர்டல் அளவு அதிகமில்லை, இரட்டைப் பார்வை இல்லை, நோய் அடங்கி ஆறு மாதத்துக்கு மேல் ஆகிவிட்டது என்று உங்கள் டாக்டர் உறுதி செய்தால், உங்களுக்கு என் யோசனை அண்ணம்தான். நடுக்கோட்டுக்கு இரண்டு பக்கமும் ஒவ்வொரு துண்டு எடுத்து இரண்டு கண்ணுக்கும் ஒரே நாளில் வைக்கலாம். ஒரு நாளைக்கு ஆறு பீரியட் பேசுகிறவர் நீங்கள். முதல் இரண்டு வாரம் வகுப்பெடுக்க முடியாது, தகட்டைப் போட்டுக்கொண்டு பேசினால் வார்த்தை குழறும். அதனால் மே மாத விடுமுறை தொடங்கியதும் செய்துகொள்வது நல்லது. ஜூனில் பள்ளி திறக்கும்போது வாய் ஆறியிருக்கும். வாய்ப்புண் தாங்க முடியாது என்று உங்களுக்குத் தோன்றினால், காதுக் குருத்தெலும்பு பற்றிக் கேளுங்கள். சர்க்கரை இருந்தால் முன்பே கட்டுக்குள் வரட்டும். வீட்டில் யாராவது சிகரெட், பீடி பிடித்தால் உங்கள் பக்கத்தில் வேண்டாம். தைராய்டு கண் நோய்க்குப் புகையைப்போல எதிரி வேறில்லை.

ஆபரேஷன் முடிந்த முதல் வாரம் இமையை ஒரு தையலால் மேல்நோக்கி இழுத்து நெற்றியில் பிளாஸ்டர் போட்டு ஒட்டியிருப்பார்கள். பிரித்தபின் இமை கருவிழி மேல் கொஞ்சம் ஏறி நிற்கும். அதிகமாக ஏற்றிவிட்டார்களோ என்று பயப்பட வேண்டாம், இறங்கப்போவதை எதிர்பார்த்து வேண்டுமென்றே செய்வது. மூன்று மாதத்தில்தான் அதன் இடத்தில் உட்காரும். நோட்டுத் திருத்தக் குனியும்போது, முன்புபோல இமை முழுசாகக் கீழே போகாது, புத்தகத்தைக் கொஞ்சம் உயர்த்திப் பிடிக்க வேண்டியிருக்கலாம். இரண்டு கண்ணுக்கும் அரை மி.மீ., ஒரு மி.மீ. வித்தியாசம் மிஞ்சலாம். சிலருக்கு இரண்டாவது முறை சின்னதாகத் திருத்தம் செய்ய வேண்டிவரும். இதை இப்போதே தெரிந்துகொண்டு போனால் பின்னால் மனம் ஒடியாது.

அதுவரை, கெடாமல் இருக்கச் சேர்க்கும் மருந்து (preservative) கலக்காத கண்ணீர்ச் சொட்டு மருந்தை இரண்டு மூன்று மணிக்கு ஒருமுறை விடுங்கள். படுக்கும்போது கண் ஆயின்ட்மென்ட். தூங்கும்போது கண் முழுதும் மூடுகிறதா என்று வீட்டில் யாரையாவது பார்க்கச் சொல்லுங்கள். மூடவில்லை என்றால் பேப்பர் பிளாஸ்டர் ஒட்டிக்கொண்டு படுங்கள், ஃபேன் முகத்துக்கு நேராக வேண்டாம். கண் சிவந்து வலித்தாலோ, வெளிச்சம் கூசினாலோ, நிறங்கள் மங்கித் தெரிந்தாலோ மே மாதம் வரை காத்திருக்காதீர்கள், அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

அடுத்த முறை டாக்டரைப் பார்க்கப் போகும்போது, நோய் வருவதற்கு முன் எடுத்த போட்டோ ஒன்றை எடுத்துக்கொண்டு போங்கள். கல்யாண ஆல்பத்தில் இருக்கும், இல்லையென்றால் பழைய பள்ளி குரூப் போட்டோவில் இருக்கும். உங்கள் கீழிமை முன்பு எங்கே நின்றது என்பது அதில்தான் தெரியும். சிலருக்குப் பிறவியிலேயே கொஞ்சம் வெள்ளை தெரியும், அவர்களுக்கு அதற்கு மேல் ஏற்றினால் முகம் வேறாகிவிடும். உங்கள் இமையை எவ்வளவு ஏற்றுவது என்று முடிவு செய்ய அந்தப் படத்தைத்தான் உங்கள் டாக்டர் முதலில் கேட்பார்.